பிரஸ் ஷாப்காரர்கள் நரி பார்க்கப் போன கதை

"இனிமே யாரும் பேசக் கூடாது" என்று கைடு ஸ்டெல்லா சொன்னார். "சரிங்க" என்றேன் நான். ரகசியமாகத்தான் சொன்னேன். எதிரே குட்டையில் நின்றிருந்த இருபது முப்பது கொக்குகளும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்துவிட்டன.

பக்கத்தில் நின்ற என் மகள் யாழினி என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு. அந்த வயதுப் பிள்ளை குனிந்து செருப்பைப் பார்த்தால், அம்மா எதையோ செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

கோவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்கின் பின்பக்கம் அது. காலை ஆறரை மணி இருக்கும். முன்பக்கத்தில் ராட்டினங்கள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கின. அலைக்குளத்தில் அலை இல்லை. குளோரின் வாசனையும் உப்பங்கழிச் சேற்று வாசனையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது கூட்டிப் போவார்கள். அந்த வருஷம் தீம் பார்க். அந்த டிக்கெட்டிலேயே, முன்கூட்டிப் பேர் கொடுப்பவர்களுக்கு 'வைல்ட் லைஃப் அட்வென்ச்சர்' என்று ஒன்று இருந்தது. பார்க்குக்குப் பின்னால் இன்னும் எதுவும் கட்டாமல் விட்டிருக்கும் நிலத்தில் நடத்திக் கூட்டிப் போவார்கள். பனை, சவுக்கு, முள்ளுப்புதர், அதைத் தாண்டினால் உப்பங்கழி. பறவை, கீரி, உடும்பு எல்லாம் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் குள்ளநரி.

கம்பெனியில் எண்பது பேர். பேர் கொடுத்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள், லீவு நாளில் நாலு மணிக்கு எழுந்திருக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா என்று கேட்டுவிட்டு, பத்து மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் முரளியும் அந்தக் கட்சிதான்.

நான் பேர் கொடுத்தது யாழினிக்காக. பார்த்த பறவை, விலங்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அதில் 'குள்ளநரி' என்று தலைப்பு மட்டும் எழுதி ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தாள். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் காலி.

எனக்கு நரி முக்கியமில்லை. ஒரே ஒரு மணி நேரம், என் பெண்ணைத் தலைகுனிய வைக்காமல் அவள் பக்கத்தில் நடந்துவிட வேண்டும். என்னுடைய அட்வென்ச்சர் அதுதான். ஆரம்பித்து இரண்டாவது நிமிஷத்திலேயே கொக்கெல்லாம் போயிற்று.

ஏன் இந்தத் தொண்டை

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குரங்குகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வேலைக்குப் போவதாகச் சொல்கிறீர்களே, அந்த இடத்தைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?" எழுதலாம். ஆனால் அங்கே நடப்பதைக் காதில்தான் போட முடியும், காகிதத்தில் போடுவது கஷ்டம்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை பவர் பிரஸ்ஸில் கொடுத்து, பெடலை மிதித்தால், மேலிருந்து டை இறங்கித் தகட்டை வெட்டும். தொம். பதினோரு பிரஸ்ஸும் ஓடினால் பதினோரு தொம். வெட்டி விழுகிற பீஸை எடுத்து, அளவு சரியா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

சேர்ந்த புதிதில் நான் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை ஏறியது. ஏறியது இறங்கவில்லை. இப்போது எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்திருக்கிறார்கள், கட்டாயம் போட வேண்டும். காதுக்கு அடைப்பான் வந்துவிட்டது. தொண்டைக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறார். அவர் இடத்தில் பேனா கீழே விழுந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் பீரோ விழுந்தாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். பெரியவர்கள் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்தார்கள். சத்தப் பொருத்தம் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். நான் மதுராந்தகத்தில் இருக்கும் தங்கையோடு போனில் பேசும்போது அவர் வந்து, "போன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து வச்சாலே அவளுக்குக் கேக்குமே" என்பார்.

இவ்வளவு தொண்டை இருந்தும் ஷாப்பின் அந்தக் கோடிக்கு எட்டாது. அதனால் கையால் பேசுவோம். ஆள்காட்டி விரலைச் சுழற்றினால், பிரஸ்ஸை 'ஓட்டு'. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ வந்துவிட்டது. உதட்டுக்கு மேலே இரண்டு விரலால் மீசை இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார். மீசை வைத்திருந்த அந்த சூப்பர்வைசர் ரிடையராகிப் போய் ரொம்ப நாளாயிற்று. இப்போது இருப்பவர் ஒரு பெண்மணி. அவருக்கும் அதே மீசைதான்.

ஷாப்பில் எல்லோருக்கும் ஒரு சைகை உண்டு. எனக்கு என்ன சைகை என்று மட்டும் எனக்குத் தெரியாது. கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் நாங்கள் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் கை ஓய்ந்துவிடும், வாய் ஆரம்பித்துவிடும்.

இட்லி மாவும் ஒரு சனிக்கிழமையும்

தீம் பார்க்குக்குப் போவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. இரவுச் சாப்பாட்டின்போது முரளி வாய்தவறி, "மேத்ஸ் டீச்சர் நல்ல மாதிரியா இருக்காங்க" என்றார்.

"எந்த மேத்ஸ் டீச்சர்?" என்றேன்.

அவர் சாம்பாரைப் பார்த்தார். யாழினி தட்டைப் பார்த்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்திருக்கிறது. இரண்டு பேரும் எனக்குச் சொல்லாமல் போய்விட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு லீவு. வீட்டில்தான் இருந்தேன்.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். அப்புறம் சொன்னாள்: "போன தடவை நீ மிஸ்கிட்ட பேசினது கிரவுண்டு வரைக்கும் கேட்டுதும்மா. பசங்க இன்னும் அதே மாதிரி பேசிக் காமிக்கிறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் கிரைண்டரைப் போட்டேன். மாவு அரைபடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அழுதேன். என் தொண்டையில் அழுதால் அதற்கும் ஒரு கிரைண்டர் வேண்டும். மறுநாள் முரளி, "இவ்வளவு மாவு எதுக்கு அரைச்சே?" என்று கேட்டார். நாலு நாளைக்கு இட்லி சாப்பிட்டோம்.

அதற்கு அப்புறம்தான் அந்த அட்வென்ச்சர் படிவம் வந்தது. நான் அவளிடம் கேட்டேன், "நானும் வரட்டுமா?"

"அங்க பேசக் கூடாதாம்மா."

"பேச மாட்டேன்."

"சத்தியமா?"

சத்தியம் பண்ணினேன். எந்தத் தைரியத்தில் பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று முறை அவுட்

ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கோவளம்தான் சொந்த ஊர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். தலையில் பார்க் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், காலில் ரப்பர் பூட்ஸ். ரொம்ப நாள் நுழைவாயிலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாராம். இந்த நிலத்தில் எது எங்கே குட்டி போடும் என்று தெரிந்தவர் இவர்தான் என்று தெரிந்ததும் கைடு ஆக்கிவிட்டார்கள்.

"நீங்க பேசினா நரி திருப்போரூர் தாண்டிப் பூடும். புரியுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

நாங்கள் ஏழு பேர். நான், யாழினி, பிரஸ் ஆபரேட்டர் கன்னியப்பன் அண்ணன், பேக்கிங்கில் இருக்கும் மேரி அக்கா, டை செய்கிற டூல் ரூமிலிருந்து மூன்று பேர். இந்தக் கூட்டத்தில் மெதுவாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் யாழினி.

கொக்கு போன பிறகு ஒரு கீரி வந்தது. பாதையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. ஸ்டெல்லா மெல்லக் கையைக் காட்டினார். கன்னியப்பன் அண்ணன் என் காதருகே குனிந்து, "இன்னா மேடம் அது, கீரியா நரியா?" என்று கேட்டார். அவர் காதருகே பேசினால் அடுத்த தெருவில் பதில் வரும். கீரி போய்விட்டது.

அடுத்தது உடும்பு. வெயிலுக்காகக் கரையில் படுத்திருந்தது. யாழினி பாதி படம் போட்டுவிட்டாள். அண்ணனுடைய போனில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. அணைக்கத் தெரியாமல் எடுத்துவிட்டார். "ஆங், சொல்லு. இங்க கோவளத்தாண்ட கீறேன். நரி பாக்க வந்துகிறோம். இன்னும் பாக்கல, பேசாம வந்துகினு கீறோம்."

ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பேசி முடிக்கும்வரை நின்றார். உடும்பு நிற்கவில்லை.

மூன்றாவது நான். சவுக்குத் தோப்பு ஓரத்தில் மயில் ஒன்று குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. யாழினி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவள் தானாக என் கையைப் பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கீழே பார்க்காமல் காலை வைத்தேன். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. "ஆ" என்றேன். ஒரே எழுத்து. மயில், குஞ்சு, சவுக்கில் இருந்த காக்கை, எல்லாம் காலி.

யாழினி கையை விட்டுவிட்டாள்.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள். "நீ இங்கயே உக்காந்துக்கோயேன். நாங்க போய்ட்டு வந்துடறோம்."

பனைமரத்தடியில் சிமெண்டில் மரக்கட்டை மாதிரி செய்து பெயிண்ட் அடித்த பெஞ்சு ஒன்று இருந்தது. ஸ்டெல்லாவுக்கும் சங்கடமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். புள்ள ஆசையா வந்துகீது. அதுக்காவது எதுனா காட்றேன்" என்றார்.

"பரவாயில்ல, போங்க" என்று கையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அது வேறு மாதிரி வந்திருக்கும். போய் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினேன். முள் வலித்தது என்று நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கவில்லை.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைக்கப் போனேன். முப்பதடி போயிருப்பார்கள். கடைசியில் போய்க்கொண்டிருந்த கன்னியப்பன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். திரும்பியவர், வலது கையை மேலே தூக்கி முஷ்டியை மடக்கினார்.

முஷ்டி

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த முஷ்டி உங்களுக்குப் புரியாது.

மேரி அக்காவின் இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. முன்பு அவரும் பிரஸ்ஸில்தான் இருந்தார். ஒருநாள் டையில் சிக்கிய தகட்டை எடுக்க விரலை விட்டார். ஹெல்பர் பார்க்காமல் பெடலை மிதித்துவிட்டார். எதிரே இருந்த நாங்கள் நாலு பேர் கத்தினோம். என் தொண்டையும் அதில் உண்டு. எட்டவில்லை. அவ்வளவு கத்தியும் எட்டவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் கன்னியப்பன் அண்ணன் ஷாப் நடுவில் போய் நின்று, எல்லா பிரஸ்ஸையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, கையைத் தூக்கி முஷ்டியை மடக்கிக் காட்டினார். "இத யாரு தூக்கினாலும் சரி, எதுக்குத் தூக்கினாலும் சரி. காலை எடு, கையை எடு, அப்டியே நில்லு. ஏன்னு கேக்காத. தூக்கினவன் எறக்கறவரைக்கும் அசையாத" என்றார். முதலாளியும் அங்கே நின்று கேட்டார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். முஷ்டி எழுந்தால் ஷாப்பே நின்றுவிடும். அதற்கப்புறம் எங்கள் ஷாப்பில் ஒருவருக்கும் விரல் போகவில்லை.

அந்த முஷ்டிதான் சவுக்குத் தோப்பில் எழுந்தது.

டூல் ரூம் ஆட்களுக்குப் பின்னால் கண் இல்லை. ஆனால் பக்கவாட்டில் நடந்த மேரி அக்கா ஓரக்கண்ணில் பார்த்துத் தன் முஷ்டியையும் தூக்கிவிட்டார். அது முன்னால் வரைக்கும் போயிற்று. ஒரு வினாடிதான். எல்லோரும் நின்றார்கள். ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி. ஒருவர் கொட்டாவியின் நடுவில். மேரி அக்காவின் இன்னொரு கை யாழினியை என் பக்கம் திருப்பி, தோளை அழுத்திக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா திரும்பினார், வாயைத் திறந்தார், சிலை மாதிரி நின்ற இத்தனை பேரைப் பார்த்ததும் அவரும் அப்படியே நின்றுவிட்டார்.

பெஞ்சில் நானும் நின்றுவிட்டேன். உட்கார்ந்தபடி நிற்பது எப்படி என்று பிரஸ் ஷாப்காரர்களுக்குத் தெரியும். முஷ்டி என்றால் எனக்கு விரல்தான் ஞாபகம் வரும். யாருக்கு என்ன ஆயிற்று என்று கண்ணை மட்டும் உருட்டினேன்.

என் இடது பக்கம், பத்தடி தூரத்தில், முள்ளுப்புதரை விலக்கிக்கொண்டு ஒரு நரி வந்தது.

ஒற்றைச் செருப்பு

பழுப்பும் சாம்பலுமாக, காது விடைத்து, ஒல்லியாக இருந்தது. வாயில் ரோஜா நிறத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. அலைக்குளத்தில் யாரோ தொலைத்தது. ஏதோ கடையில் பொறுக்கி எடுத்து வாங்கி வந்த மாதிரி கவனமாகக் கவ்விக்கொண்டு வந்து, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் பாதையில் வைத்தது. பிறகு என்னைப் பார்த்தது.

எனக்குத் தொண்டையில் 'நரி' என்ற வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினேன். பாட்டில் சாய்ந்து தண்ணீர் என் மடியில் கொட்டி, புடவை நனைந்து, முள் குத்திய காலில் சொட்டியது. அசையவில்லை. கூட்டத்துக்கு ஆகாது என்று உட்கார வைக்கப்பட்டவள் மடியில் வந்து நரி விழாத குறை. நரி முகத்தில் முழிப்பது என்று சொல்வார்களே, நான் ரொம்ப நேரம் முழித்தேன்.

அப்போது புதருக்குள் இன்னும் ஏதோ அசைந்தது. இரண்டு குட்டிகள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்துதான் தெரிந்தது. யாழினி நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு பனை மறைத்தது.

கை தானாக எழுந்தது. மடியிலேயே, இடுப்புக்கு மேலே போகாமல், மெதுவாக. இரண்டு பீஸ். சின்ன சைஸ். என் இடது, உங்கள் வலது. எந்த டையில் பிசிறு வருகிறது என்று ஷாப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சொல்கிற அதே பாஷைதான். கன்னியப்பன் அண்ணன் இடது கையால் 'புரிஞ்சுது' என்றார். வலது கை மேலேயே இருந்தது. அவர் மேரி அக்காவுக்குச் சொன்னார். மேரி அக்கா யாழினியைத் தோளைப் பிடித்து வலது பக்கம் இரண்டடி நகர்த்தினார்.

குட்டிகள் வெளியே வந்தன. ஆளுக்கொரு பக்கம் செருப்பைக் கவ்வி இழுத்தன. ஒன்று பின்பக்கமாக உருண்டு விழுந்தது. தாய் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

நான் குட்டிகளைச் சரியாகப் பார்க்கவில்லை. யாழினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது. கண் நரியிடம் இருந்தது, நரியிடமிருந்து என் கைக்கு வந்தது, திரும்பவும் நரியிடம் போயிற்று. இந்தக் கையை அவள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

அண்ணனுக்குக் கை வலி தாங்கவில்லை. இன்னொரு கையால் அதை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். இறக்கினால் நாங்கள் அசைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு தடவை மட்டும் அந்த முட்டுக் கையை எடுத்து, மேரி அக்காவைப் பார்த்து, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் குவித்துக் காட்டினார். பிறகு விரலை எல்லாம் சேர்த்து மூடினார். மேரி அக்காவின் தோள் குலுங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. வாய்க்கு முன்னால் குவித்த கை. ஸ்பீக்கர். ஸ்பீக்கர் இன்றைக்கு சைலண்ட் என்கிறார். பதினெட்டு வருஷமாக யாரும் சொல்லாத என் சைகையை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க முடியாத நேரமாகப் பார்த்து எனக்குக் காட்டிவிட்டார்.

ஸ்பீக்கர்

குட்டிகள் செருப்போடு புதருக்குள் போயின. தாய் கடைசியாக ஒரு தடவை எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அண்ணன் முஷ்டியை இறக்கினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. காலைத் தூக்கி நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா தொப்பியைக் கழற்றினார். "இத்தினி வருசமா கூட்டினு வந்துகினு கீறேன்" என்றார். "அஞ்சு நிமிசம் நின்ன ஆளுங்கள நான் பாத்ததில்ல. நீங்க கால் மணி நேரம் நின்னீங்க. இன்னாங்க நீங்க, போலீசா, மிலிட்டரியா?"

"பிரஸ் ஷாப்பு" என்றார் அண்ணன், கையைத் தேய்த்துக்கொண்டே. "ஆமா, நான் எதுக்குத் திரும்பினேன்னு யாரும் கேக்க மாட்றீங்களே. மேடத்தைத் தனியா வுட்டுட்டு வர்றமேன்னு மனசு கேக்கல. அதான் திரும்பினேன்."

யாழினி என்னிடம் ஓடி வந்தாள். என் நனைந்த புடவையைப் பார்த்தாள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் குவித்து, புருவத்தை உயர்த்தினாள். இதற்கு என்ன அர்த்தம்?

"அண்ணனையே கேளு" என்றேன்.

அண்ணன் கூரையைத் தேடினார். அங்கே வானம்தான் இருந்தது. "அது வந்து பாப்பா, ஸ்பீக்கரு. உங்கம்மா. நாங்க மரியாதையாத்தான் வச்சோம்."

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"நீங்க சேந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து மேடம்."

யாழினி சுருங்கிப் போவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்துகொண்டு, சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் தெரிந்தது, தொண்டை அவளுக்கும் என் தொண்டைதான்.

பத்து மணிக்குப் பஸ் வந்தது. அலைக்குளத்தில் சங்கு ஊதி அலையைத் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் ராட்டினத்தில் அலறல். அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போனார்கள். பஸ் வருவதற்குள் அண்ணனிடம் பாதிச் சைகைகளைக் கற்றுக்கொண்டுவிட்ட என் மகள், குளத்தின் நடுவிலிருந்து கையாலேயே 'சாப்பாடா?' என்று கேட்டாள். 'இன்னும் ஒரு டை ஓடட்டும்', அதாவது கொஞ்சம் பொறு என்று நான் கரையிலிருந்து கையால் பதில் சொன்னேன். பையையும் துண்டையும் காவல் காத்துக்கொண்டு நின்ற முரளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்றேன்.

நோட்டில் குள்ளநரிப் பக்கம் நிரம்பியது. தாய், இரண்டு குட்டி, ஒரு செருப்பு. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு குண்டு அம்மா. அவ்வளவு குண்டு இல்லை நான்.

முதல் மாடி வராந்தா

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு காகிதம் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. பெற்றோர் கூட்டம். மேலே பேனாவால் 'அம்மா வரணும்' என்று எழுதியிருந்தது.

நான் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டேன். முரளிதான் வாத்தியார். நூலகக் குரலில் "வணக்கம் மிஸ், யாழினி எப்படிப் படிக்கிறா?" என்று சொல்லிப் பார்த்தேன். நாற்பது தடவைக்கு மேல் சொன்ன பிறகு, "இது ஓகே" என்றார்.

முதல் மாடி வராந்தாவில் வரிசை. யாழினி அந்தக் கோடியில் தோழிகளோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டுக்கு மேலே இரண்டு விரலால் மீசை இழுத்தாள். திரும்பினேன். வகுப்பு ஆசிரியை வந்துகொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒல்லியான பெண். சிரிப்பை அடக்க எனக்குக் கன்னம் வலித்தது.

எதிரே உட்கார்ந்தேன். "வணக்கம் மிஸ், யாழினி எப்படிப் படிக்கிறா?" என்றேன், கற்றுக்கொண்டபடி.

"சாரி மேடம், கேக்கல" என்றார். தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது. பக்கத்து மேஜைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்களேன்."

பதினெட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்தேன். ஆசிரியைக்குப் பின்னால், கதவருகே யாழினி. சுற்றிலும் நாலைந்து பிள்ளைகள். பேசிக் காட்டுவார்கள் என்று சொன்னாளே, அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவள் அவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளங்கையை வாய்க்கு முன்னால் குவித்தாள், பிறகு என்னைக் கைகாட்டினாள். அதற்கப்புறம் என் கண்ணைப் பார்த்து, ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சுழற்றினாள்.

ஓட்டு.

நான் என் குரலில் பேசினேன். வராந்தா முழுவதும் திரும்பியது. கீழே கிரவுண்டில் பந்தாடிக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாழினி செருப்பைப் பார்க்கவில்லை.